ரெசிஸ்டர் கலர் எந்தப் பக்கத்துலேருந்து படிக்கறது? கொஞ்சம் நீளமாவே சொல்றேன்

தம்பி கேட்டது இதுதான். டிப்ளமோ ரெண்டாவது வருஷம், பழைய போர்டுங்கள்லேருந்து கழட்டின ரெசிஸ்டர் (கரன்ட்ட மட்டுப்படுத்தற பார்ட், எத்தனை ஓம்ங்கறத உடம்புல கலர் பட்டையா போட்டிருப்பாங்க) ஒரு டிபன் டப்பா நிறைய இருக்கு, லேப் மேனுவல்ல இருக்கற டேபிள வெச்சு படிச்சா பாதி சரியா வருது பாதி கன்னாபின்னான்னு வருது, நீல உடம்புல அஞ்சு பட்டை போட்டதுக்கு எந்தப் பக்கம் ஆரம்பம்னே தெரியல, ஒத்த கருப்பு பட்டை மட்டும் போட்டது சிலது இருக்கு, போன் ஆப்ல காட்டினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மதிப்பு சொல்லுது. ஒரு சார்ஜர் போர்டுல ஒண்ணு கருகிப் போயிருக்கு, அதோட மதிப்ப எப்படி கண்டுபிடிக்கறதுன்னும் கேட்டிருக்கீங்க. கடைசியா, கையில மல்டிமீட்டர் இருக்கும்போது இந்தக் கலரெல்லாம் எதுக்கு படிக்கணும்னு ஒரு கேள்வி. நான் அந்தக் கடைசி கேள்வியிலேருந்தே வரேன், அதுக்கு பதில் புரிஞ்சாத்தான் மத்தத படிக்க மனசு வரும்.

மீட்டர் சொல்றது அந்த ரெசிஸ்டர் இன்னைக்கு எப்படி இருக்குன்னு. கலர் சொல்றது அது ஃபேக்டரியிலேருந்து வரும்போது எப்படி இருந்துச்சுன்னு. ரெண்டும் ஒத்துப்போனா நல்ல சரக்கு, ஒத்துப்போகலைன்னா அங்கதான் உங்க வேலையே இருக்கு. எங்கிட்ட வேலை கத்துக்க வந்த ஒரு பையன் ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டுல ஒரு ரெசிஸ்டர கழட்டி மீட்டர்ல வெச்சான், 81கே சொச்சம் (கே-ன்னா ஆயிரம் ஓம்) காட்டுச்சு, சரி இது 82கே போலன்னு சொல்லி புதுசா 82கே வாங்கி பத்த வெச்சுட்டான், செட்டு முன்னாடி எப்படி கரகரன்னுச்சோ அதே மாதிரி கரகரன்னுச்சு. பழசை எடுத்து கலரப் பாத்தா மஞ்சள் வயலட் ஆரஞ்சு, அதாவது 47கே. வயசாகி மதிப்பு ஏறிப் போயிருந்துச்சு, அவன் அந்தக் கோளாறையே புதுசா வாங்கி திரும்ப போட்டிருக்கான். மீட்டர் பொய் சொல்லல, இவன் கேட்ட கேள்விதான் தப்பு.

சரி, வரிசைக்கு வருவோம். கருப்பு 0, பிரவுன் 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, வயலட் 7, கிரே 8, வெள்ளை 9. நம்ம ஊர் பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாத்துலயும் தலைமுறை தலைமுறையா ஓடிட்டிருக்கற வாசகம் ஒண்ணு இருக்கே, பி பி ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன் ஹேட் எ வெரி குட் வைஃப்னு, பரீட்சைக்கு அது போதும், பெஞ்சுல உக்காந்தா அது குழப்பும், ஏன்னா அதுல பி மூணு தடவை வருது, ஜி ரெண்டு தடவை வருது, எந்த பி கருப்பு எந்த பி பிரவுன்னு யோசிக்கறதுக்குள்ள சால்டரிங் அயர்ன் சூடாகி முனை கருத்துப் போயிடும். அத விட எளிசு வானவில்லப் புடிச்சுக்கறதுதான். சிவப்பு ஆரஞ்சு மஞ்சள் பச்சை நீலம் வயலட், இது 2 லேருந்து 7 வரைக்கும் அப்படியே வானவில் வரிசை. அதுக்கு முன்னாடி இருட்டு, கருப்பும் பிரவுனும். அதுக்குப் பின்னாடி வெளுப்பு, கிரேயும் வெள்ளையும். இருட்டுலேருந்து கிளம்பி வானவில் தாண்டி வெளிச்சத்துக்குப் போகுது, அவ்வளவுதான், ஒரு தடவை மனசுல படம் வந்துட்டா ராயும் வேணாம் அவர் வைஃபும் வேணாம்.

இங்க ஒரு சின்ன விஷயம், தமிழ்ல கலர் பேர் சொல்லும்போது ஜாக்கிரதை. ஊதான்னா சில ஊர்ல நீலம், சில ஊர்ல வயலட், எங்க வீட்டுலயே எங்கம்மா நீலத்தத்தான் ஊதாம்பாங்க. 6க்கும் 7க்கும் நடுவுல அது பெரிய வித்தியாசம். பழுப்பும் அப்படித்தான், புத்தகத்துல பிரவுனுக்கு பழுப்புன்னு போடறாங்க, ஆனா பழசான பேப்பர் மஞ்சளா மாறுறதயும் நாம பழுப்புன்னுதான் சொல்றோம். அதனால கடையிலயும் சரி பெஞ்சுலயும் சரி பிரவுன், வயலட், கிரேன்னே சொல்லிடுங்க, யாரும் தமிழ்ப் பற்று இல்லன்னு சண்டைக்கு வர மாட்டாங்க.

நாலு பட்டைக்கு கணக்கு உங்களுக்குத் தெரியும், முதல் ரெண்டு எண், மூணாவது எத்தனை சைபர் சேக்கணும்ங்கறது, நாலாவது டாலரன்ஸ், அதாவது மதிப்பு எத்தனை சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்ங்கறது. மேனுவல் இத இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா படிக்கச் சொல்லும். அனுபவப்பட்ட ஆளு யாரும் அப்படி படிக்கறதில்ல. மூணாவது பட்டையத்தான் முதல்ல பாக்கறது. மூணாவது கருப்புன்னா பத்துலேருந்து நூறு ஓமுக்குள்ள, பிரவுன்னா நூத்துக்கணக்கான ஓம், சிவப்புன்னா ஒண்ணுலேருந்து பத்து கே-க்குள்ள, ஆரஞ்சுன்னா பத்து கே-லேருந்து நூறு கே-க்குள்ள, மஞ்சள்னா நூத்துக்கணக்கான கே, பச்சைன்னா மெக் ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் கணக்கு. கோல்டு வந்தா ஒத்த இலக்க ஓம். இது உள்ளுக்குள்ள ஊறிடுச்சுன்னா ஒரு போர்டப் பாத்த உடனே எது எந்த வட்டாரத்துல இருக்குன்னு தெரிஞ்சுடும், அப்புறம் முதல் ரெண்டு பட்டை எந்தத் தெரு எந்த வீடுங்கற மாதிரி. தப்பு பண்ணாலும் 4.7கே-ய 5.6கே-ன்னு பண்ணுவீங்க, 47கே-ன்னு பண்ண மாட்டீங்க, சர்க்யூட்ட கொல்றது பெரும்பாலும் அந்த பத்து மடங்கு தப்புதான். ஒரு எல்இடிக்கு 5 வோல்ட்லேருந்து 330 ஓம் போட்டா, எல்இடி தனக்கு ஒரு 2 வோல்ட் எடுத்துக்கிட்டா மீதி 3 வோல்ட்டுக்கு சுமார் 9 மில்லி ஆம்ப் ஓடும், நிம்மதியா எரியும். அதே ஆரஞ்சு ஆரஞ்சு, மூணாவது மட்டும் பிரவுனுக்கு பதிலா கருப்பு, 33 ஓம் ஆயிடுச்சு, 90 மில்லி ஆம்ப், ஒரு பளிச், அப்புறம் எரியாது.

அந்த முதல் ரெண்டு பட்டையும் கூட பத்துக்கு பத்து நூறு விதமா வர்றதில்ல, இத யாரும் முதல்லயே சொல்லித் தர்றதில்லைங்கறது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். கடையில சாதாரணமா கிடைக்கறது பன்னெண்டே பன்னெண்டு எண்தான்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இதுக்கு இ12 வரிசைன்னு பேரு. ஏன் 20, 30, 40ன்னு அழகா இல்லாம இப்படி கோணல் மாணலா இருக்குன்னா, ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறத விட சுமார் இருபது சதவீதம் ஜாஸ்தி, அதாவது 10%ல செஞ்ச ரெசிஸ்டர்ல 33ஓட மேல் எல்லை 36.3, 39ஓட கீழ் எல்லை 35.1, இப்படி பக்கத்துப் பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் மாதிரி ஒட்டிக்கும், ஃபேக்டரியில செஞ்சது எந்த மதிப்புல வந்து விழுந்தாலும் கிட்டத்தட்ட ஏதோ ஒரு எண்ணுக்குள்ள அடங்கிடும். 5%க்கு இதே மாதிரி இருபத்தினாலு எண், நடுவுல 11, 13, 16, 20, 24, 30, 36, 43, 51, 62, 75, 91 சேரும்.

இப்போ இதோட பலன் என்னன்னா கலர் ஜோடியா முகம் மாதிரி பழகிடும். மஞ்சள் வயலட்டா, 47. ஆரஞ்சு ஆரஞ்சு 33. ஆரஞ்சு வெள்ளை 39. பச்சை நீலம் 56. நீலம் கிரே 68. கிரே சிவப்பு 82. சிவப்பு சிவப்பு 22, சிவப்பு வயலட் 27. மிச்சம் நாலும் பிரவுன்ல ஆரம்பிக்கும், கருப்பு, சிவப்பு, பச்சை, கிரே. பன்னெண்டு முகம், ஒரு கூட்டுக் குடும்பத்துல இருக்கற ஆளுங்கள விட கம்மி, ஒரு வாரத்துல பழகிடலாம். பலன் இன்னொண்ணும் இருக்கு, நாலு பட்டையில நீங்க படிச்சு வந்த எண் இந்த லிஸ்ட்லயே இல்லைன்னா பெரும்பாலும் நீங்க தப்பா படிச்சிருக்கீங்க. மஞ்சள் பச்சைன்னு வந்து 45ன்னு எழுதினீங்கன்னா ஒண்ணு அது மஞ்சள் வயலட், இல்ல வேற ஏதோ. வயலட்ல ஆரம்பிச்சா 75 ஒண்ணுதான் இருக்கு, வெள்ளையில ஆரம்பிச்சா 91 ஒண்ணுதான், கருப்புல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. உங்க டப்பால பாதி கன்னாபின்னான்னு வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுல பெரும்பாலானத இந்த ஒரே சல்லடையில போட்டு சலிச்சுடலாம்.

எந்தப் பக்கத்துலேருந்து படிக்கறதுங்கறதுக்கு வரேன். நாலு பட்டைக்கு பிரச்சனையே இல்ல, கோல்டோ சில்வரோ ஒரு ஓரத்துல இருக்கும், அத வலது கைப்பக்கம் வெச்சுக்கோங்க, கோல்டும் சில்வரும் முதல் எண்ணா வரவே வராது. கோல்டு 5%, சில்வர் 10%, நாலாவது பட்டையே இல்லைன்னா 20%, அந்த மூணு பட்டை சரக்கெல்லாம் ரொம்ப பழைய ரேடியோவுலதான் பாக்கலாம். அஞ்சு பட்டைதான் வம்பு, ஏன்னா அதுல முதல் மூணு எண், நாலாவது சைபர், அஞ்சாவது டாலரன்ஸ், 1%க்கு கலர் பிரவுன், முதல் எண் 1க்கும் கலர் பிரவுன்.

இந்த உதாரணத்த பேப்பர்ல எழுதிப் பாருங்க. பிரவுன் கருப்பு கருப்பு சிவப்பு பிரவுன். இப்படி படிச்சா 100, ரெண்டு சைபர், 10கே, 1%. திருப்பிப் போட்டு படிச்சா பிரவுன் சிவப்பு கருப்பு கருப்பு பிரவுன், 120, சைபர் இல்ல, 120 ஓம், 1%. ரெண்டுமே கடையில விக்கிற நியாயமான மதிப்பு! 1கே-யும் அப்படித்தான், திருப்பினா 110 ஓம். 100கே-ய திருப்பினா 130 ஓம். நான் மேல சொன்ன சல்லடை இங்க வேலைக்கு ஆகாது, ஏன்னா ரெண்டும் லிஸ்ட்ல இருக்கு. சரியா செஞ்ச ரெசிஸ்டர்ல டாலரன்ஸ் பட்டைக்கு முன்னாடி இடைவெளி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கணும், இல்ல அந்தக் கடைசி பட்டை கொஞ்சம் அகலமா இருக்கணும், முதல் பட்டை காலுக்கு ஒட்டி இருக்கணும். ஆனா நீங்க பாக்கெட்ல வாங்கற விலை குறைஞ்ச கால் வாட் சரக்குல எல்லாப் பட்டையும் சம இடைவெளியிலதான் இருக்கும், பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. இந்த மாதிரி ஆளுக்கு மட்டும் மீட்டர் எடுங்க, வெக்கமே வேணாம், 10கே-யா 120 ஓமான்னு தெரிய மீட்டர் துல்லியமா கூட இருக்க வேணாம். மத்தபடி 4.7கே-ய எடுத்துக்கோங்க, மஞ்சள் வயலட் கருப்பு பிரவுன் பிரவுன், திருப்பினா 110க்குப் பின்னாடி ஏழு சைபர், 1100 மெக் ஓம், அப்படி ஒண்ணு உங்க டிபன் டப்பாவுல இருக்காது, அப்போ திருப்பம் தப்புன்னு தானா தெரிஞ்சுடும்.

நீல உடம்பு மெட்டல் ஃபிலிம்ல இன்னொரு தொந்தரவு கலரே ஏமாத்தறது. சந்தன கலர் உடம்புல, அதான் கார்பன் ஃபிலிம், பிரவுன் பிரவுனாத்தான் தெரியும். நீலத்து மேல அடிச்ச பிரவுன் கருப்பா தெரியும், சிவப்பு பிரவுனா தெரியும், ஆரஞ்சு சிவப்பா தெரியும், வயலட்டும் நீலமும் உடம்போடயே கலந்துடும். ட்யூப்லைட்டுக்குக் கீழ ஒரு மாதிரி, மஞ்சள் பல்புக்குக் கீழ வேற மாதிரி. உங்க போன் ஆப் ஒவ்வொரு தடவையும் வேற வேற சொல்றதுக்கும் இதுதான் காரணம், கேமரா வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி தன்னோட வெள்ளைய மாத்திக்கும், ஃப்ளாஷ் அடிச்சா பளபளப்புல கோடே காணாமப் போயிடும், அத நம்பி சால்டர் புடிக்காதீங்க. ஜன்னல்கிட்ட போய் பகல் வெளிச்சத்துல மெதுவா உருட்டிப் பாருங்க. கோல்டா மஞ்சளா, சில்வரா கிரேயான்னு சந்தேகம் வந்தா சாய்ச்சுப் பாத்தா போதும், உலோக பெயிண்ட் மினுங்கும், சாதா பெயிண்ட் மினுங்காது. சிவப்பா ஆரஞ்சான்னு தெரியலன்னா அதே ரெசிஸ்டர்ல, இல்ல பக்கத்துல இருக்கற வேறொண்ணுல, நிச்சயமா தெரிஞ்ச சிவப்பு எதுவோ அதோட ஒப்பிடுங்க, தனியா ஒரு கலர கண்ணு அவ்வளவு நல்லா சொல்லாது, ரெண்டு கலர பக்கத்துல வெச்சா நல்லா சொல்லும். பச்சை சிவப்பு பிரிச்சுப் பாக்க முடியாத கண்ணு உள்ளவங்களும் இந்தத் தொழில்ல இருக்காங்க, அவங்க மீட்டரும் சர்க்யூட் டயக்ராமும் வெச்சு ஓட்டறாங்க, வண்டி ஓடுது.

இப்படி கண்ண வருத்தற முறைய எதுக்கு வெச்சாங்கன்னு எனக்கும் ஆரம்பத்துல கோவம் வரும். 1920கள்ல அமெரிக்காவுல ரேடியோ செய்யறவங்க சங்கம் ஒண்ணு இந்தக் கலர் கோட கொண்டு வந்துச்சு, அப்போ உருளையான சின்னப் பொருள் மேல சின்ன எழுத்து அச்சடிக்கறது கஷ்டம், அடிச்சாலும் பத்த வைக்கும்போது எழுத்து போர்டு பக்கம் திரும்பிடும், சுத்தி பெயிண்ட் அடிச்ச பட்டை எப்படிப் போட்டாலும் தெரியும். ஆனா ஆரம்பத்துல பட்டையே கிடையாது, உடம்பு கலர் முதல் எண், முனை கலர் ரெண்டாவது எண், நடுவுல ஒரு பொட்டு அது சைபர். தாத்தா காலத்து வால்வு ரேடியோ உங்க கைக்கு வந்தா உடம்பு மஞ்சள், முனை வயலட், பொட்டு ஆரஞ்சு, 47கே. முழுக்க சிவப்பா பட்டையும் இல்லாம பொட்டும் இல்லாம ஒண்ணு இருந்தா அது பெயிண்ட் போகாதது இல்ல, உடம்பு முனை பொட்டு மூணும் சிவப்புன்னு அர்த்தம், 2.2கே. இத தெரியாம ஒரு நல்ல செட்டுல மதிப்பு அழிஞ்சு போச்சுன்னு சொல்லி எல்லாத்தயும் புடுங்கினவங்கள பாத்திருக்கேன்.

கோல்டும் சில்வரும் ஓரத்துல மட்டும் இல்லாம நடுவுலயும் வரும், அப்போ அது டாலரன்ஸ் இல்ல, கோல்டுன்னா பத்தால வகுக்கணும், சில்வர்னா நூறால. பிரவுன் கருப்பு கோல்டு கோல்டு, 1 ஓம். சிவப்பு சிவப்பு சில்வர் கோல்டு, 0.22 ஓம், இது ஆம்ப்ளிஃபயர் அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்துல நிக்கும். இந்தக் குட்டி மதிப்ப மீட்டர்ல அளக்கும்போது முதல்ல ரெண்டு ப்ரோபையும் ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சு என்ன காட்டுதுன்னு பாருங்க, சாதா மீட்டர்ல ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும், அதக் கழிக்கலைன்னா 0.22 ஓம் நல்ல ரெசிஸ்டர கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. பெரிய மதிப்புக்கு இதுக்கு நேர் எதிர் தப்பு, 1 மெக் ரெசிஸ்டரோட ரெண்டு காலையும் ரெண்டு கையாலயும் ப்ரோபோட சேத்து அழுத்திப் புடிச்சா உங்க உடம்பும் சேந்து அளக்கப்படும், மதிப்பு குறைஞ்சு காட்டும், வேர்த்த கையா இருந்தா இன்னும் குறையும்.

ஒத்த கருப்பு பட்டை போட்டது கெட்டது இல்ல தம்பி, அது ஜீரோ ஓம். வெறும் ஒயருக்கு எதுக்கு ரெசிஸ்டர் வேஷம்னா, போர்டுல ஒரு டிராக்க தாண்டி இன்னொரு பக்கம் போகணும்னா ஜம்பர் வேணும், பொருத்தற மெஷினுக்கு ரெசிஸ்டர் உருவத்துல இருந்தா மத்தத போடற மாதிரியே அதையும் போட்டுடும், தனியா ஒயர் வெட்ட வேணாம். அதே மாதிரி டப்பால பச்சை உடம்பு, கொஞ்சம் வயிறு உப்பின மாதிரி, கலர் பட்டை போட்டது இருந்தா அத ரெசிஸ்டர்னு எழுதிடாதீங்க, அது பெரும்பாலும் காயில், இண்டக்டர். அதுலயும் இதே கலர் கோடுதான், ஆனா வர்ற எண் மைக்ரோஹென்றி. பிரவுன் கருப்பு கருப்பு சில்வர்னா 10 மைக்ரோஹென்றி. மீட்டர்ல வெச்சா ஒரு ஓமோ ரெண்டு ஓமோ காட்டும், உடனே 10 ஓம் ரெசிஸ்டர் ஷார்ட் ஆயிடுச்சுன்னு நினைப்பீங்க. சாதாரண ரெசிஸ்டர் கெட்டா மதிப்பு ஏறும் இல்ல ஓபன் ஆகும், அதாவது உள்ள அறுந்துடும், ஷார்ட் ஆகறது ரொம்ப அபூர்வம், அதனால பூஜ்ஜியத்துக்கு கிட்ட காட்டினா முதல்ல உங்க அடையாளத்த சந்தேகப்படுங்க.

ஆறு பட்டை வந்தா பயப்படாதீங்க, அஞ்சு பட்டை மாதிரியே படிச்சுட்டு ஆறாவது வெப்பத்துக்கு எவ்வளவு மாறும்ங்கறது, பிரவுன்னா 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு), அதாவது 10கே-ல ஒரு டிகிரிக்கு 1 ஓம், நம்ம ரிப்பேருக்கு அத யோசிக்கத் தேவையே வராது. எஸ்எம்டில, அதான் போர்டு மேலயே ஒட்டற கால் இல்லாத குட்டி சரக்குல, கலர் இல்ல, எண்தான், 103ன்னா 10க்குப் பின்னாடி மூணு சைபர், 10கே, 1002ன்னாலும் 100க்குப் பின்னாடி ரெண்டு சைபர், அதே 10கே, 4ஆர்7ன்னா 4.7 ஓம், ஆர் இருக்கற இடத்துல புள்ளி வெச்சுக்கணும். ஒண்ணு மறக்காதீங்க, கலர் எத்தனை வாட்ங்கறத சொல்லவே சொல்லாது. அத உடம்பு அளவுதான் சொல்லும், கால் வாட் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், அரை வாட் 9 சொச்சம். கலர் சரியா பாத்து வாட்ட கோட்டை விட்டு அடுத்த நாளே கருகிப் போய் திரும்ப வர்றது எல்லாக் கடையிலயும் நடக்கறதுதான்.

போர்டுல இருக்கும்போதே அளக்கறதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, எல்லாத்தயும் கழட்டத் தேவையில்ல. கரன்ட் எடுத்துட்டு, கெப்பாசிட்டர் எல்லாம் டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் அளந்தா, சுத்தி இருக்கற மத்த பார்ட்ஸும் பேரலல்ல சேரும், பேரலல்ல சேந்தா, அதாவது கரன்ட்டுக்கு பக்கத்துலயே இன்னொரு வழி கிடைச்சா, மதிப்பு குறையத்தான் செய்யும், ஏறவே ஏறாது. அதனால கலர் சொல்றத விட மீட்டர் குறைச்சு காட்டினா ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க, ஒரு கால மட்டும் தூக்கிட்டு திரும்ப அளங்க. கலர் சொல்றத விட டாலரன்ஸ தாண்டி கூட காட்டுச்சுன்னா, கால தூக்கவே வேணாம், அது போச்சு. 4.7கே 5%ன்னா 4465லேருந்து 4935 வரைக்கும் நியாயம், போர்டுலயே 6கே காட்டினா அத மாத்திடலாம். இதுக்கு கலர் படிக்கத் தெரியணும், மீட்டர் மட்டும் தெரிஞ்சவனுக்கு இந்த வழி அடைஞ்சு போச்சு.

கடைசியா அந்த கருகினது. முழுக்க கருகி கலரே இல்லாததுக்கு வழி மூணு நாலு இருக்கு. அதே போர்டுல அதே மாதிரி இன்னொரு பகுதி இருந்தா, ஸ்டீரியோல லெஃப்ட் ரைட் மாதிரி, அந்தப் பக்கத்து ஜோடியப் பாருங்க. இல்லைன்னா அதே மாடல் இன்னொரு போர்டு, இல்ல சர்க்யூட் டயக்ராம். எதுவும் இல்லைன்னா கழட்டி, பெயிண்ட்ட பிளேடால மெதுவா சுரண்டி, அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காலுக்கும் அந்தப் பக்கம் இன்னொரு காலுக்கும் தனித்தனியா அளந்து கூட்டுங்க, வர்றதுக்கு கொஞ்சம் மேல இருக்கற பன்னெண்டு முகத்துல ஒண்ணுதான் அது, பெரும்பாலும் சரியா வரும். மிச்சம் இருக்கற கலரையும் அப்படியே நம்பாதீங்க, சூட்டுல சிவப்பு பிரவுன் ஆகும், ஆரஞ்சும் பிரவுன் ஆகும், வெள்ளை பழுத்துப் போய் மஞ்சள் மாதிரி நிக்கும்.

ஆனா உங்களது சார்ஜர்ங்கறதால மதிப்பு கிடைச்ச உடனே போட்டு பிளக்ல சொருகிடாதீங்க. ரெசிஸ்டர் தானா கருகறது கம்மி, பின்னாடி ஏதோ ஷார்ட் ஆகி இத எரிச்சிருக்கும், பெரும்பாலும் ஸ்விட்ச் பண்ற டிரான்சிஸ்டர், அத முதல்ல பாருங்க. கருகினது கரன்ட் உள்ள வர்ற வாசல்லயே இருக்கற சின்ன மதிப்புன்னா, 10 ஓம் மாதிரி, அது ஃபியூஸ் வேலை பாக்கற ஃபியூசிபிள் ரெசிஸ்டரா இருக்கும், அங்க சாதா கார்பன் ஃபிலிம் போட்டா அடுத்த தடவை அது அறுந்து விழாம நெருப்பு புடிக்கும், அதே ரகம் கேட்டு வாங்குங்க, அதிக வாட்டும் போடாதீங்க. நூத்துக்கணக்கான கே-ல ரெண்டு ரெசிஸ்டர் வரிசையா நிக்குதே ஒண்ணு போதாதான்னு பாக்கறவங்களுக்கு, போதாது, 230 வோல்ட் ஏசிய டிசி ஆக்கினா 325 வோல்ட் வரும், சாதா கால் வாட் கார்பன் ஃபிலிம் பொதுவா 250 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், அதனால பாதிப் பாதியா பிரிச்சிருக்காங்க, ரெண்டுக்கு பதிலா ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் புடிக்க வேணாம். அந்த 325 வோல்ட் பிளக்க புடுங்கின அப்புறமும் பெரிய கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கும், மீட்டர டிசி வோல்ட்ல வெச்சு அது பூஜ்ஜியத்துக்கு இறங்கிடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் பிளேட எடுங்க.